பாலாற்றுக்கு நாம் பட்ட கடன்

(காரைக்குடியில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

'தொழிலும் சுற்றுச்சூழலும்' என்ற தலைப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். இது கல்லூரிப் பேராசிரியர்கள் பேச வேண்டிய சங்கதி, கடை வைத்துப் பிழைக்கிற நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வட்டியைப் பற்றி நம் மேடைகளில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். அளவு நிறுவையில் மோசடி செய்வதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். கலப்படத்தைப் பற்றியும் பேசுகிறோம். ஆனால் தொழிற்சாலையின் பின்வாசல் வழியாக வெளியேறும் தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் அது நம் சமுதாயத்தின் வாசலில் வந்து நிற்கும். அதனால்தான் பேசுவதில்லை.

முதலில் நம் ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இளையான்குடியிலும் நம் சகோதரர்கள் கறிக்கடை வைத்திருக்கிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாளில் ஜமாஅத்துகளும் மதரஸாக்களும் குர்பானித் தோல்களைச் சேகரிக்கின்றன. இந்தத் தோல் என்ன ஆகிறது? உரித்த சில மணி நேரத்தில் அழுக ஆரம்பித்துவிடும் என்பதால் உப்பைத் தூவி மடித்து வைக்கிறோம். தோலின் எடையில் 40 சதவீதம் வரை உப்புப் போடுவது வழக்கம். பிறகு தோல் மண்டிக்காரர் வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, வாணியம்பாடி என்று அந்தத் தோல் பயணம் போகிறது. பணத்தை எண்ணி வாங்கியதோடு நம் கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

லாரியில் தோலோடு நம் உப்பும் போகிறது, சகோதரர்களே! தொழிற்சாலையில் முதல் வேலையே தோலைத் தண்ணீரில் ஊறவைத்து அந்த உப்பை வெளியேற்றுவதுதான். உப்பு கரைந்த தண்ணீர் எங்கே போகும்? பல்லாண்டுக் காலம் அது வாய்க்காலுக்குப் போனது. வாய்க்காலிலிருந்து வயலுக்கும் கிணற்றுக்கும் பாலாற்றுக்கும் போனது. வாணியம்பாடியை ஒருமுறைகூடப் பார்த்திராத காரைக்குடி கறிக்கடைக்காரருக்கும் அந்தக் கிணற்றில் ஒரு பங்கு இருக்கிறது. இதைச் சொன்னால் மிகைப்படுத்துவதாகத் தோன்றும். ஆனால் தோல் கழிவுநீரிலே சுத்தம் செய்வதற்கு மிகவும் கடினமான பொருள் இந்தச் சாதாரண உப்புதான். மற்ற அழுக்குகளைக் கிருமிகளை விட்டுத் தின்னவைக்கலாம். உப்பை எந்தக் கிருமியும் தின்னாது. சவ்வு வழியாக வடிகட்டி, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து வற்றச் செய்ய வேண்டும். அதற்கு மின்சாரமும் விறகும் ஏராளமாகச் செலவாகிறது. அப்படியும் கடைசியில் உப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சுகிறது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இந்தப் பெயர்களைக் கேட்டால் நமக்கு ஒரு பெருமிதம் வரும். வரத்தான் வேண்டும். அந்தத் தொழிலில் பெரும் பகுதியை வளர்த்தெடுத்தவர்கள் நம் சமுதாயத்தினர். 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது என்றால் அதன் பின்னால் தோல் வணிகர்களின் கொடை இருந்தது. மேல்விஷாரத்தில் கல்லூரிக்குப் பெயராக நிற்கும் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் ஒரு தோல் வணிகர். சென்னை புதுக்கல்லூரி உருவானதிலும் தோல் வணிகர்களின் பங்கு உண்டு. நம் பிள்ளைகள் பட்டதாரிகளானது அந்தப் பணத்தில்தான். அதை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையைப் போட்டுப் பதனிட்டார்கள். சுண்ணாம்பும் பட்டையும் தண்ணீரைக் கெடுக்காமல் இல்லை, ஆனால் அளவு குறைவு. 1970-களில் நிலைமை மாறியது. பாதி பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்பினால் லாபமெல்லாம் அங்கே போய்விடுகிறது, முழுமையாகப் பதனிட்டுச் செருப்பாகவும் பையாகவும் இங்கேயே செய்து அனுப்ப வேண்டும் என்று 1972-ல் சீதாராமய்யா குழு பரிந்துரைத்தது. அதையொட்டி மத்திய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கொள்கை சரியானதுதான், வேலைவாய்ப்பு பெருகியது. ஆனால் குரோமியம் போட்டுப் பதனிடும் முறை பரவலானபோது கழிவுநீரை என்ன செய்வது என்று அரசும் யோசிக்கவில்லை, நாமும் யோசிக்கவில்லை. அதே சமயம் ஐரோப்பியர்கள் தங்கள் நாட்டில் சட்டத்தை இறுக்கிக்கொண்டு அழுக்கான வேலையை நம்மிடம் தள்ளிவிட்டார்கள். பளபளக்கும் ஷூ அவர்கள் காலுக்குப் போனது. குரோமியம் நம் மண்ணில் தங்கிவிட்டது.

விளைவு என்ன? 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. அந்தத் தீர்ப்பிலே உள்ள சில விவரங்களை ஒவ்வொரு வணிகரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருந்தது. திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் ஆய்வு செய்ததில் 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப்போயிருந்தன. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கும் அதில் இருக்கிறது.

திண்டுக்கல் நமக்குத் தூரமில்லை, சகோதரர்களே. நம் ஊர்த் தோல் போகிற இடங்களில் அதுவும் ஒன்று.

மாசுபடுத்தியவனே இழப்பீடு தர வேண்டும், மாசுபட்ட இடத்தைச் சீர்செய்யும் செலவையும் அவனே ஏற்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்று நாடு முழுவதும் சுற்றுச்சூழல் வழக்குகளில் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். சுத்திகரிப்பு வசதி இல்லாதவற்றை மூடச் சொன்னார்கள். இழப்பீட்டைக் கணக்கிட நீதிபதி பி. பாஸ்கரன் தலைமையில் ஓர் ஆணையமும் அமைந்தது. அந்த ஆணையம் 2001-ல் 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வணிகர்களே, மனக்கணக்கில் வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. நிலத்தையும் கிணற்றையும் இழந்தவனுக்கு இவ்வளவுதான். அந்தத் தொகையும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு இந்தப் பிரச்சினையில் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் இழப்பீட்டைக் கொடுங்கள், மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளுங்கள் என்று அரசுக்கு உத்தரவிட்டார்கள். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகளுக்கு மேல்! கிணறு கெட்டபோது வாலிபனாக இருந்த விவசாயி இன்று தாத்தாவாகிவிட்டார். அல்லது மவுத்தாகிவிட்டார்.

இந்த இடத்தில் நம்மவர்கள் சொல்லும் பதில்களைப் பார்ப்போம். முதல் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "நம் சமுதாயத்தின் தொழில் என்பதால் குறிவைக்கிறார்கள்." நம் சமுதாயம் குறிவைக்கப்படும் இடங்கள் பல உண்டு. அதற்காகப் போராடுகிற அமைப்புதான் நாம். ஆனால் இந்த விஷயத்தில் அந்தப் பதில் நிற்காது. திருப்பூரைப் பாருங்கள். அங்கே சாயப்பட்டறைக்காரர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்? 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கே சாய, சலவைப் பட்டறைகளையெல்லாம் மூடச் சொல்லவில்லையா? நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, விவசாயத்துக்காகக் கட்டிய அணையே விவசாயிகளுக்கு வேண்டாத பொருளாகிவிடவில்லையா? எவர் தொழிலாக இருந்தாலும் கெட்ட தண்ணீர் கெட்ட தண்ணீர்தான். இன்னொன்றையும் யோசியுங்கள். வாணியம்பாடியில் அந்தத் தண்ணீரைக் குடித்தது யார்? கழிவுநீரில் வெறுங்காலோடு நின்று வேலை செய்தது யார்? நம் ஏழைச் சகோதரர்களும், அவர்களோடு தோளோடு தோள் நின்ற தலித் தொழிலாளர்களும்தானே! சமுதாயம் என்றால் முதலாளி மட்டும்தானா?

இரண்டாவது பதிலில் நியாயம் இருக்கிறது. "பெரியவன் தப்பித்துக்கொண்டான், சிறியவன் மாட்டிக்கொண்டான்" என்கிறார்கள். உண்மை. நூற்றுக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தவருக்கும் 10,000, நான்கு தொட்டி வைத்திருந்தவருக்கும் அதே 10,000 என்றால் அது எப்படிச் சமநீதியாகும்? சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பங்குத் தொகை கட்ட முடியாமல் ஷாப்பை மூடிவிட்டுப் போன சிறு முதலாளிகள் இருக்கிறார்கள். வேலை இழந்த தொழிலாளிக்கு யாரும் இழப்பீடு தரவில்லை. அரசின் குற்றமும் உண்டு. ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை மூடப்பட்ட பிறகும் லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு மலைபோல் கிடந்தது. அதை அகற்றுவதில் காட்டிய அலட்சியத்துக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விகளை நாம் ஆட்சியாளர்களிடம் உரக்கக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்தவன் கடனைக் கட்டவில்லை என்பது நம் கடனைத் தள்ளுபடி செய்யாது.

2015 ஜனவரி 31 அதிகாலை. ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தக் கசடில் புதைந்து இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்திகரிப்பு நிலையம் என்று பெயர்ப் பலகை மாட்டிவிட்டால் போதாது, அதைப் பொறுப்போடு நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

சரி, மார்க்கம் இதற்கு என்ன சொல்கிறது? தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நீர்த்துறையிலும் நடைபாதையிலும் நிழலிலும் மலம் கழிப்பவன் மக்களின் சாபத்துக்கு ஆளாவான் என்று எச்சரித்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. ஒரு மனிதனின் சிறுநீருக்கே இந்தத் தடை என்றால், ஒரு தொழிற்சாலை நாள்தோறும் திறந்துவிடும் குரோமியத் தண்ணீருக்கு என்ன சட்டம் என்று ஆலிம்களிடம் போய் ஃபத்வா கேட்க வேண்டுமா? பிறருக்குத் தீங்கிழைப்பதும் தீங்குக்குத் தீங்காகப் பழிவாங்குவதும் கூடாது என்ற நபிமொழி இமாம் மாலிக்கின் முவத்தாவில் உண்டு. நம் ஃபிக்ஹு நூல்கள் அதை அடிப்படை விதியாக எடுத்துக்கொண்டு எத்தனையோ சட்டங்களை வகுத்திருக்கின்றன. 'மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும்' என்று நீதிமன்றம் சொன்னபோது அது மேல்நாட்டிலிருந்து வந்த புதுச் சட்டம் என்று நம்மில் சிலர் முகம் சுளித்தார்கள். நமக்கு அது புதிதல்ல.

வணிகர்களாகிய உங்களுக்கு 'திவால்' என்ற சொல்லின் பொருள் நன்றாகத் தெரியும். யார் திவாலானவர் என்று நபிகளார் (ஸல்) தம் தோழர்களிடம் கேட்டார்கள். காசும் பொருளும் இல்லாதவர் என்று தோழர்கள் சொன்னார்கள். நபிகளார் வேறொரு மனிதனைக் காட்டினார்கள். அவன் தொழுகையோடும் நோன்போடும் ஜகாத்தோடும் மறுமைக்கு வருவான். ஆனால் உலகில் ஒருவனைத் திட்டியிருப்பான், இன்னொருவன் பொருளைத் தின்றிருப்பான். அவனுடைய நன்மைகள் அவர்களுக்கு எடுத்துக் கொடுக்கப்படும். நன்மை தீர்ந்துபோனால் அவர்களின் பாவம் இவன் மீது சுமத்தப்படும். முஸ்லிம் ஷரீஃபில் உள்ள செய்தி இது. நிலத்தை இழந்த 29,193 பேரும் அங்கே வரிசையில் நிற்பார்கள், சகோதரர்களே! அவர்களில் முஸ்லிமும் இருப்பார், இந்துவும் இருப்பார். அல்லாஹ்வின் முன்னிலையில் பறிகொடுத்தவனின் சாதியையும் மதத்தையும் கேட்டு வழக்கைத் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். அடியார்களுக்குச் செய்த அநீதியை தவ்பா மட்டும் அழிக்காது, உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். அது பங்காளியின் சொத்துக்கு மட்டும் என்று நினைத்துவிட்டோம். பக்கத்து வயற்காரனின் கிணற்றுக்கும் அது பொருந்தும். லாபக் கணக்கில் சுத்திகரிப்புச் செலவை எழுதாமல் விட்டு ஜகாத் கணக்கிடுகிறவர், அடுத்தவர் பணத்தையும் தன் கல்லாவில் சேர்த்து எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இப்படிச் சொல்வதால் தொழிலை மூடிவிட்டுப் போகச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூடுவது எளிது. முறையாக நடத்துவதற்குத்தான் ஆண்மை வேண்டும். குரோமியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் தொட்டியில் போடும் குரோமியத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் தோலில் ஏறும். மிச்சம் தண்ணீரோடு போகும். அது காசு கொடுத்து வாங்கிய சரக்கு! அந்தத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து, மக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் அடியில் படியும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடியும் பயன்படுத்தலாம். கழிவும் குறையும், செலவும் குறையும். சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இதுபோன்ற முறைகளைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறது. உப்பைக் குறைத்துத் தோலைக் காப்பாற்றும் வழிகளையும் அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். ஊறவைப்பதற்கு முன்னால் தோலை உதறி, ஒட்டியிருக்கும் உப்பைத் தட்டி எடுத்துவிட்டாலே தண்ணீரில் சேரும் உப்பில் ஒரு பகுதி குறைந்துவிடும். இதற்கு எந்த வெளிநாட்டு இயந்திரமும் வேண்டாம், ஒரு மரச்சட்டமும் இரண்டு ஆட்களும் போதும். திருப்பூர்க்காரர்கள் 2011-ல் அடிபட்ட பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடாத முறைக்கு மாறினார்கள். சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து அதிலேயே மறுபடியும் சாயமேற்றுகிறார்கள். செலவு அதிகம்தான். ஆனால் வெளிநாட்டு வியாபாரிகள் இப்போது துணியின் தரத்தை மட்டுமல்ல, பட்டறையின் கழிவையும் விசாரித்துவிட்டுத்தான் ஆர்டர் கொடுக்கிறார்கள். சுத்தமாகச் செய்கிறவனுக்குத்தான் இனிச் சந்தை.

இளைஞர்களே, நம் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிறுவனம். 1948-ல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறக்கப்பட்டது. மின்சாரத்தைச் செலுத்திக் கழிவுநீரைச் சுத்தம் செய்வது அங்கே ஆராயப்படும் விஷயங்களில் ஒன்று. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பாஸ்போர்ட் எடுக்கிற நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போயிருக்கிறார்கள்? சுத்திகரிப்பு நிலையத்தை இயக்கவும், தண்ணீரைப் பரிசோதிக்கவும் படித்த ஆட்கள் எல்லாத் தொழில் நகரங்களிலும் தேவைப்படுகிறார்கள். வேதியியல் படிக்கும் பிள்ளைகளை அந்தப் பக்கம் திருப்பிவிடுவது ஜமாஅத் தலைவர்களின் வேலைகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

இந்த மண்ணின் பழைய வழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நகரத்தார் வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓட்டில் விழும் மழை முற்றத்துக்கு வரும், மிஞ்சியது கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகும். குடிநீர் ஊருணியில் கால் வைக்கவே விடமாட்டார்கள். ஆறு இல்லாத சீமையில் ஊர்கள் பிழைத்தது இந்தக் கட்டுப்பாட்டால்தான். இன்று காரைக்குடிக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குழாயில் வருவதால் ஊருணியை மறந்துவிட்டோம். மறந்ததோடு நிற்கவில்லை, அதில் குப்பையையும் கொட்டுகிறோம். கொட்டுகிறவர்களில் நம்மவர்கள் இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? கறிக்கடைக் கழிவு, பிரியாணிக் கடையின் எண்ணெய், ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக். 2019 ஜனவரி முதல் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. அதிகாரி வரும் நாளில் மட்டும் அதை உள்ளே எடுத்து வைப்பது வியாபாரத் தந்திரம் அல்ல, சகோதரர்களே. பயன்படுத்திய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் டீசல் தயாரிப்புக்கு விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2018 முதல் நாட்டில் இருக்கிறது. ஹோட்டல் நடத்துபவர்கள் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

கடைசியாக ஹஜ்ஜுப் பெருநாள் விஷயம். இதைக் கூட்டம் முடிந்ததும் ஜமாஅத் நிர்வாகிகள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆட்டுத் தோலுக்கு இப்போது விலையே இல்லை. மதரஸாவுக்கு நல்ல வருமானமாக இருந்த தோலைச் சில ஊர்களில் வாங்க ஆளில்லாமல் புதைக்கிறார்கள், சில ஊர்களில் கண்மாய்க் கரையில் வீசிவிடுகிறார்கள். அதை நாய் இழுத்துக்கொண்டு வந்து பிற சமுதாயத்தவர் வீட்டு வாசலில் போட்டால் அந்த ஒரு காட்சி போதும், ஆண்டு முழுவதும் நாம் பேசும் நல்லிணக்கம் பாழாகும். ஆகவே பெருநாளுக்கு ஒரு மாதம் முன்பே மண்டிக்காரரிடம் பேசி வையுங்கள். அவர் எந்த நேரத்துக்கு வருகிறார் என்று முடிவாகிவிட்டால் அன்றே தோலை ஏற்றிவிடலாம், மூட்டை மூட்டையாக உப்புத் தூவ வேண்டியதில்லை. எந்தத் தொழிற்சாலைக்குப் போகிறது, அங்கே சுத்திகரிப்பு உண்டா என்றும் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், விற்பவனுக்கு அந்த உரிமை உண்டு. குடலையும் இரத்தத்தையும் புதைக்க ஊருணிக்கும் கிணற்றுக்கும் தள்ளி ஓர் இடத்தை மாநகராட்சியிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அந்தக் குழியை வெட்டும் பொறுப்பை நம் இளைஞர் அணி எடுத்துக்கொள்ளட்டும். யார் யார் வருகிறீர்கள் என்று இங்கேயே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.